வளையும் கண்ணாடியும் ஆர்கான் வாயுவும்

2023 அக்டோபரில் ஒரு நாள், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆன் லூயிலியே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பின் இடைவேளையில் தொலைபேசி வந்தது. இயற்பியல் நோபல் பரிசு பெறும் மூவரில் அவரும் ஒருவர் என்றார்கள். பேசி முடித்தவர் வகுப்புக்குத் திரும்பி மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தார்.

அந்தப் பரிசுக்கு விதை விழுந்தது 1987இல், பாரிஸ் அருகிலுள்ள சாக்லே ஆய்வுக்கூடத்தில். ஆர்கான் வாயுவில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை அவரும் சகாக்களும் குவித்தார்கள். வீணைத் தந்தியை மீட்டினால் அடிச்சுரத்தோடு மேற்சுரங்களும் எழுவதுபோல, வாயுவிலிருந்து 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண்ணில் ஹார்மோனிக் எனப்படும் புதிய ஒளி கிளம்பியது. மடங்கு கூடக் கூட அது வேகமாக மங்கிவிடும் என்பதே அன்றைய கணக்கு. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் மங்கவில்லை. ஏறக்குறைய ஒரே அளவில் நீண்டு, 33ஆவது ஹார்மோனிக் வரை தெரிந்தது.

காரணத்தை எளிமையாக விளக்கியவர்களில் ஒருவர் கனடாவின் பால் கார்க்கம், ஆண்டு 1993. லேசரின் மின்புலம் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்து வெளியே இழுக்கிறது. புலம் திசை மாறியதும் எலெக்ட்ரான் திரும்பி ஓடிவந்து அணுவில் சேர்கிறது. ஓட்டத்தில் சேர்த்த ஆற்றலை அப்போது புற ஊதா ஒளியாகக் கொட்டுகிறது. 800 நானோமீட்டர் லேசரில் புலம் ஒரு சுற்று முடிக்க 2.7 ஃபெம்டோ நொடிதான்; இத்தனையும் அதற்குள் நடந்துவிடுகிறது.

சிக்கல் இனிமேல்தான். ஓர் அணு ஒளிர்ந்தால் போதாது. கோடானுகோடி அணுக்களும் தாளம் தப்பாமல் சேர்ந்து ஒளிர வேண்டும். லேசர் கற்றையோ நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். பிரகாசம் மாறினால் எலெக்ட்ரான் திரும்பும் நேரமும் மாறும். நடுவில் பிறந்த ஒளியும் ஓரத்தில் பிறந்த ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் கொடுத்த லேசர் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்கு ஹார்மோனிக்காகக் கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

ஆகவே கற்றையைச் செதுக்கவேண்டியிருக்கிறது. மிக எளிய கருவி, குவிவில்லைக்கு முன்னால் நிற்கும் வட்டத் திறப்பு. அதை மெல்ல மூடினால் லேசர் ஆற்றலின் ஒரு பகுதி வீணாகும். ஆனாலும் ஹார்மோனிக் ஒளி சில வேளை கூடும்! குவியும் இடம் சற்று அகன்று, அணுக்கள் ஒத்துப்போவதுதான் காரணம். பலத்தைக் கூட்டாமல் பாங்கை மாற்றியே பலன் கிடைக்கிறது என்பதில் இந்தக் கலையின் முழு அழகும் அடங்கியிருக்கிறது.

கற்றையின் அகலத்தைப் போலவே, மிகக் குறுகிய துடிப்பாக வரும் லேசரின் காலவடிவத்தையும் செதுக்கலாம். மார்கரெட் மர்னேனும் ஹென்றி காப்டினும் அமெரிக்காவின் போல்டரில் நடத்திய குழு 2000இல் இதைத்தான் செய்து காட்டியது. லேசர் துடிப்பை நிறங்களாகப் பிரித்து, வளையக்கூடிய ஒரு கண்ணாடியில் விழவைத்தார்கள். கண்ணாடி வளைவதற்கேற்ப ஒவ்வொரு நிறமும் துளி முந்தும், துளி பிந்தும். பிறகு எல்லாம் மீண்டும் ஒரே துடிப்பாகச் சேரும். எப்படி வளைய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கணினி பல வளைவுகளைச் சோதித்து, நல்ல பலன் தந்தவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கியது. ஆர்கானில் பிறந்த ஹார்மோனிக் ஒளி ஏறத்தாழ 10 மடங்கு பெருகியது. அக்கம்பக்கத்து ஹார்மோனிக்குகளை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிவிடவும் முடிந்தது.

கணினி கண்டுபிடித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதைத்தான் குறிப்பாகப் பாராட்ட வேண்டும். அந்த வடிவம் ஏன் பலித்தது என்று கேட்டார்கள். அடுத்தடுத்த அரைச்சுற்றுகளில் எலெக்ட்ரான் கொட்டும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும்படி துடிப்பு திருத்தப்பட்டிருந்தது. அணுவுக்குள்ளேயே நடக்கும் இணக்கம் அது. விடையை இயந்திரம் தந்தாலும், விளக்கம் கிடைத்த பிறகே அது அறிவியலாகிறது.

முறுக்கிய கற்றைகளும் இப்போது வந்துவிட்டன. திருகுபோல் ஒருமுறை முறுக்கிய லேசரை வாயுவில் செலுத்தினால், 11ஆவது ஹார்மோனிக் 11 முறுக்கோடு வெளிவருகிறது.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு? 800 நானோமீட்டர் லேசரின் 59ஆவது ஹார்மோனிக், சுமார் 13.5 நானோமீட்டர். இன்றைய அதிநவீன கணினிச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்கள் பயன்படுத்துவதும் இதே அலைநீளம்தான். மேசைமேல் அடங்கும் கருவியிலிருந்து வரும் இந்த ஒளியைக் கொண்டு 2017இல் போல்டர் குழு 12.6 நானோமீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்தது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய விவரம் அந்தப் படத்தில் தெரிந்தது.