குற்றம் கண்டுபிடிக்க ஓர் ஏஜென்ட்



புதிதாக ஓர் இணையதளம் கட்டுகிறவர்கள், வேலை முடியும்வரை கூகுள் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டாம் என்று ஒரு தடை போட்டு வைப்பது வழக்கம். ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்று ஒரு சின்னக் கோப்பு. அதில் அனுமதி இல்லை என்று சொல்லும் ஒரு வரி, வரியின் முடிவில் ஒரு சாய்கோடு. அவ்வளவுதான், தளம் முழுவதும் தேடுபொறிகளுக்கு அடைபட்டுவிடும். வேலை முடிந்து தளத்தைத் திறக்கிற அன்று, அந்த வரியை எடுக்க மறந்துவிடுவார்கள். அப்புறம் பல மாதம், "நம்ம கடை கூகுளில் ஏன் வரமாட்டேங்குது?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கோப்பு 1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் முன்மொழிந்தது. அதிகாரபூர்வமில்லாத வழக்கமாகவே வெகுகாலம் நடந்து, 2022-இல்தான் முறைப்படியான இணையத் தரமாயிற்று.

தேடுபொறிகளில் முன்னே வரும்படி தளத்தைச் சீர்செய்யும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். இதுபோன்ற கோளாறுகளைத் தேடிப் பிடிப்பதைத்தான் எஸ்.இ.ஓ. தணிக்கை, ஆடிட் என்கிறார்கள். செத்துப்போன இணைப்புகள், தலைப்பே இல்லாத பக்கங்கள், ஒரே சரக்குக்கு நாலு முகவரிகள், திறக்க நேரம் பிடிக்கும் படங்கள் எல்லாம் இதில் அடங்கும். இதற்கு மென்பொருள்கள் முன்பே உண்டு. ஸ்க்ரீமிங் ஃபிராக் என்று பிரிட்டனில் ஒன்று, 500 முகவரிகள் வரை இலவசமாகவே பார்த்துத் தரும். ஆனால் அது கொடுக்கிற நீண்ட பட்டியலைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும்.

இப்போது அந்த இடத்துக்கு ஏஐ ஏஜென்ட் வந்திருக்கிறது. தளத்தின் முகவரியைக் கொடுத்து, "இதைத் தணிக்கை செய்" என்று ஒரு வாக்கியம் எழுதினால் வேலை தொடங்கிவிடும். பட்டியல் போடுவதோடு அது நிற்பதில்லை. பொருள் விற்கும் பக்கங்கள் தேடலில் இல்லை என்று கண்டால், பக்கங்களின் பட்டியலான தள வரைபடத்தில் அவை இருக்கின்றனவா என்று தானே பார்க்கும். இருந்தால், தடைக் கோப்பைத் திறந்து பார்க்கும். ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிப்பதுதான் இதன் பலம். நான் சொன்ன சாய்கோட்டை நிமிடங்களில் பிடித்துவிடும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். எதைத் திருத்தினால் பயன் என்பது வேறு கேள்வி. முக்கியச் சொற்களுக்கென்று பக்கத்தில் மறைவாக ஒரு குறிப்பு எழுதும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றும் சில அறிக்கைகளில் அது இல்லாதது பெரிய குறையாக வரும். "உங்கள் தளத்தில் நூற்றுக்கணக்கான பிழைகள்" என்று வருகிற மின்னஞ்சல்கள் பலவும் இந்த ரகம்தான். கிரகம் சரியில்லை என்று பயமுறுத்திவிட்டுப் பரிகாரம் விற்பதுபோல.

மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கூகுளின் லைட்ஹவுஸ் என்ற கருவி 100-க்கு இத்தனை என்று கொடுக்கும். அது ஒரு சோதனை ஓட்டத்தின் கணக்கு. தரவரிசையில் இடம் பிடித்துத் தருகிற மதிப்பெண் இல்லை. உண்மையான ஆட்களின் குரோம் உலாவியில் உங்கள் பக்கம் எப்படித் திறந்தது என்பதைக் கூகுள் தனியே பார்க்கிறது. முதன்மையான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட்டால் நல்லது என்பது அங்கே உள்ள அளவு.

தணிக்கையின் கண்ணுக்கே படாத விஷயமும் உண்டு. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை, உடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் காரணத்தை வெளியிட்டது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களிலிருந்து அந்தக் கடைக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன. தங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம், எஸ்.இ.ஓ. பார்த்தவர்களை விலக்கியது, கூகுள் கடையைப் பின்னுக்குத் தள்ளியது. கடையின் சொந்தப் பக்கங்களை மட்டும் அலசியிருந்தால் இந்தத் தில்லுமுல்லு சிக்கியிருக்காது.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல கருவிகள் சொல்லும். கூகுள் அப்படி எண்ணிக்கை எதுவும் விதிக்கவில்லை; திரையில் கொள்ளாததை வெட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. இதில் 'தமிழ்நாடு' என்பது நமக்கு 5 எழுத்து. புள்ளியையும் காலையும் மற்றக் குறிகளையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு 9. நல்ல தலைப்பைக்கூட நீளம் அதிகம் என்று ஏஜென்ட் வெட்டச் சொல்லும். வெட்டாதீர்கள்.

பழைய தளங்களில் இதைவிடப் பெரிய கோளாறு இருக்கலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்கள், எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கோ வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். பழைய கருவிகள் தலைப்பு இருக்கிறது, சரி என்று தாண்டிப்போகும். ஏஜென்டிடம், "இது தமிழ்த் தளம், படித்துப் பொருள் புரிகிறதா பார்" என்று சொல்லிவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். ஆகவே வேலை கொடுக்கும்போதே உங்கள் தளம் யாருக்காக, என்ன விற்கிறது, எந்தப் பக்கத்துக்கு ஆள் வர வேண்டும் என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள்.

குறை என்று அது சொல்லும் ஒவ்வொன்றுக்கும், எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் பார்த்தாய் என்று கேளுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் கெட்ட பழக்கம் இந்த இயந்திரங்களுக்கு உண்டு. தளத்தைத் திருத்தும் கடவுச்சொல்லை முதல் நாளே கொடுக்க வேண்டாம். கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். மக்கள் என்ன சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்பதை அது காட்டும். அந்தத் தகவல் ஏஜென்டுக்கு அவசியம் வேண்டும். படிக்க மட்டும் அனுமதி தருகிற வசதி அங்கேயே இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும்.