பட்டுக்கோட்டையார் பாட்டு

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போர் காணும் பாக்குக் கடலின் அக்கரையிலே, தஞ்சைத் தரணியில், செங்கப்படுத்தான்காடு எனும் சிற்றூரில் 1930-இல் பிறந்தவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். தந்தையார் கும்மி இயற்றிய கிராமப் புலவர். ஆதலின் நாட்டுப்பாட்டின் நடை மைந்தர்க்கு வீட்டுச் சொத்தாயிற்று. பள்ளிப் படிப்போ சொற்பமே. உழவர் இயக்கத்தில் உழைத்தார், நாடகத்தில் நடித்தார், பாரதிதாசனை ஆசானாகக் கொண்டார்.

1950-களின் நடுவில் திரையுலகம் புகுந்தும் வயற்காட்டை அவர் மறந்தாரில்லை. 'நாடோடி மன்னன்' (1958) அரசர் கதை. அதிலும், ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் ஒரு பாட்டில், காடு விளைந்தும் உழைத்தவன் கை வெறுங்கையாய் இருப்பதேன் என்ற வினாவை வைத்துவிட்டார்! அச்சொற்களைக் கொச்சை என்பாரும் உளர். களத்துமேட்டில் வேறெந்த மொழி வழங்கும்?

ஆலைத் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் 'இரும்புத்திரை' 1960-இல் வெளிவந்தது. வாங்கிய சம்பளம் கையில் தங்காத துயரை அதிலே பாட்டாக்கியவர், அதற்கு முன்பே, 1959 அக்டோபர் 8-ஆம் நாள், தமது 29-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.