கொடுத்தலும் கொள்ளலும்

ஹாக்கி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுவன திறந்த மைதானமும், வளைந்த கோலும், சிறு பந்துமே ஆகும். கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அப்பெயர் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். அங்கே தரை பனிக்கட்டி. காலில் சறுக்குக் கத்தி பொருத்திய பாதணி. பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. கோல் காப்பவர் உட்படப் பக்கத்துக்கு அறுவர் களத்தில் நிற்பர். இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட குழுக்கள் கூடி 1917-ஆம் ஆண்டில் அமைத்தது தேசிய ஹாக்கி லீக். அக்குழுக்கள் தமக்குள் ஆட்டக்காரரைப் பரிமாறிக்கொள்ளும் முறையைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

தோற்ற குழுவின் அபிமானி ஒவ்வொருவரும் மறுநாட் காலையில் மேலாளராகிவிடுகிறார். “நம்மவரில் சோர்ந்த இருவரைக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய தலைசிறந்த ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாமே!” என்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: அவர்கள் ஏன் கொடுப்பார்கள்?

நம் நாட்டில் முற்காலத்தே உப்பு வணிகர் வண்டியேறி உள்நாடு சென்று நெல்லுக்கு உப்பை மாற்றினர். கடற்கரையில் உப்பு மிகுதி. மருத நிலத்தில் நெல் மிகுதி. தம்மிடம் மிகுந்ததைக் கொடுத்துத் தமக்குக் குறைந்ததைக் கொண்டமையால் இரு திறத்தாரும் பயனடைந்தனர். எந்தப் பரிமாற்றத்துக்கும் உயிர்நிலை இதுவே. ஆகவே மாற்றம் ஒன்றை முன்மொழிய விரும்புவோர் முதலில் ஆராயவேண்டியது எவர் சிறந்தவர் என்பதன்று. நம்மிடம் எது இல்லை, அவர்களிடம் எது இல்லை என்பதே.

அதற்குமேல் விதிகளும் உண்டு. பருவத்தின் பெரும்பகுதியில் ஒரு குழு தன் பட்டியலில் வைத்துக்கொள்ளக்கூடியவர் 23 பேர். ஒரு போட்டிக்கு உடையணிந்து இறங்குவோர் 20 பேர். 2005-ஆம் ஆண்டு முதல் குழுவின் மொத்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒருவரை உள்ளே அழைத்தால் அவருக்கு இடமும் வேண்டும், ஊதியத்துக்கு வழியும் வேண்டும். வருகிறவர் பெயரை மட்டும் எழுதிப் போகிறவர் பெயரை எழுதாத திட்டம் பாதித் திட்டமே.

இதற்கு ஒரு சான்று காண்போம். கனடாவின் கியூபெக் நகரக் குழு மிகவும் தாழ்ந்திருந்த காலம். அந்த லீகில் பின்தங்கிய குழுக்களுக்கே புதிய இளைஞரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். அவ்வுரிமையால் 1991-ஆம் ஆண்டில் கியூபெக் குழு எரிக் லின்ட்ராஸ் என்னும் இளைஞரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவரோ அக்குழுவில் ஆட மறுத்துவிட்டார். 1992-இல் கியூபெக் அவருக்காக இரண்டு குழுக்களோடு பேசி முடித்துவிட, வழக்கு நடுவரிடம் சென்றது. நடுவர் பிலடெல்பியாவுக்கே அவர் உரியவர் என்றார். பிலடெல்பியா கொடுத்தவை: ஆட்டக்காரர் அறுவர், முதற்சுற்றுத் தேர்வுரிமை இரண்டு, 1.5 கோடி டாலர் ரொக்கம்.

ஒருவருக்கு இத்தனையா என்று வியப்புத் தோன்றலாம். ஆனால் கியூபெக்கின் குறை ஓர் இடத்தில் இல்லை. குழு முழுவதும் பரவியிருந்தது. அதற்கு ஒரு வீரரைவிடப் பலர் தேவைப்பட்டனர். முந்தைய பருவத்தில் 52 புள்ளி பெற்ற குழு அடுத்த பருவத்தில் 104 புள்ளி பெற்றது. 1995-இல் அக்குழு டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே ஸ்டான்லி கோப்பையை வென்றது. வந்த அறுவருள் ஒருவரான பீட்டர் போர்ஸ்பெர்க் அவ்வெற்றியில் பெரும்பங்கு கொண்டார். லின்ட்ராஸும் சோடைபோனவர் அல்லர். 1995-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய விருதைப் பெற்றார். எனினும் பிலடெல்பியா அவரோடு கோப்பையை வெல்லவில்லை.

இனி மற்றொரு சான்று. இதில் கணக்கோடு கண்ணீரும் கலந்திருக்கிறது. எட்மன்டன் குழு 1984 முதல் 1988 வரை ஐந்தாண்டுகளில் நான்கு முறை கோப்பையை வென்றது. அதன் தலைவர் வெய்ன் க்ரெட்ஸ்கி. அவ்வாட்டத்தின் ஒப்பற்ற வீரர் என்று போற்றப்பட்டவர். நான்காம் வெற்றி கிட்டி மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 1988 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் வேறு இருவரோடு லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். பதிலாக வந்தவை ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்னும் இரு இளைஞர், முதற்சுற்றுத் தேர்வுரிமை மூன்று, 1.5 கோடி டாலர். செய்தியாளர் முன்னிலையில் க்ரெட்ஸ்கி பேச முயன்று, கண்ணீர் பெருகப் பேச்சை நிறுத்தினார். அரசாங்கம் தலையிட்டு இதனைத் தடுக்கவேண்டும் என்று கனடிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

கார்சன் முந்தைய பருவத்தில் 55 கோல் அடித்தவர். ஏட்டிலே பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரு நகரம் தெய்வமெனக் கொண்டாடியவரின் இடத்தில் இருபது வயது இளைஞர் ஒருவரை நிறுத்தினால் அவர் என் செய்வார்! இரண்டாம் பருவம் தொடங்கிய சில நாளிலேயே கார்சன் குழுவை விட்டு விலகினார். 1989 நவம்பரில் எட்மன்டன் அவரை டிட்ராய்ட் குழுவுக்கு அனுப்பி, பீட்டர் கிளிமா, ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்ஃபி முதலியோரைப் பெற்றது. 1990-இன் இறுதிச் சுற்றுகளில் கிரேவ்ஸும் மர்ஃபியும் ஜெலினாவும் ஒரே வரிசையில் சேர்ந்து ஆடினர். பாஸ்டனுக்கு எதிரான இறுதித் தொடரின் முதற் போட்டி மூன்றாம் கூடுதல் நேரம்வரை நீண்டது. நெடுநேரம் பலகையில் உட்கார்ந்திருந்த கிளிமாவே வெற்றிக் கோலை அடித்தார். க்ரெட்ஸ்கி இன்றி எட்மன்டன் ஐந்தாம் முறை கோப்பையை வென்றது.

அப்படியானால் மாற்றியது சரிதானே என்று கேட்பீர்கள். கோப்பையை மட்டும் எண்ணினால் அவ்வாறு தோன்றும். ஆனால் கோப்பை வந்ததற்குக் காரணம் பிரிந்தவர் மட்டுமல்லர். எஞ்சியிருந்தவரின் ஆற்றலும், பிழையை உணர்ந்து மீண்டும் மாற்றியமைத்த துணிவும் ஆகும். கார்சன் திறமையற்றவராக இருந்ததால் அங்கே தோற்கவில்லை. அவ்விடம் அவருக்கு ஏற்றதாக இல்லை. ஆட்டக்காரர் உப்பு மூட்டை அல்லர், வேறோர் ஊரில் இறக்கியவுடன் அதே சுவையைத் தருவதற்கு. உப்புக்கு வீடில்லை, பள்ளி செல்லும் பிள்ளைகளில்லை, பழகிய தோழருமில்லை. ஒப்பந்தத்தில் தடை எழுதப்படாத ஆட்டக்காரரை அவரைக் கேளாமலே மாற்றலாம் என்பது அந்த லீகின் வழக்கம். அவ்வழக்கம் உள்ளவரை, மாற்ற நினைப்பவருக்குப் பொறுப்பு மிகுதி.

மாணவர்களே, நாளை நீங்கள் கல்லூரிக் குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். அலுவலகத்தில் ஒருவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் நிலைக்கும் வரலாம். அப்பொழுது காகிதத்தில் பெயர்களை எழுதுமுன் மூன்று பேர் வாயால் பேசிப் பாருங்கள். உங்கள் பக்கத்துக்காக ஒருமுறை, எதிர்ப்பக்கத்துக்காக ஒருமுறை, மாற்றப்படுகின்ற மனிதனுக்காக ஒருமுறை. மூவரும் ஓரளவேனும் ஒப்பக்கூடிய திட்டம் கிடைத்தால் அதை முன்மொழியுங்கள். மூன்றாமவரிடம் சொல்ல உங்களுக்கு விடையில்லையெனில், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள்.