இணையம் வழியே செல்லியல்: கற்போம், கற்பிப்போம்

(நாகபுரியில் நடந்த கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.எஸ்ஸி. விலங்கியல் தேறியது 1971ல். பிறகு 36 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். கோப்புகளுக்கும் உயிரணுவுக்கும் சம்பந்தம் கிடையாது. நான் கல்லூரியை விட்ட மறு வருஷமே, 1972ல், சிங்கர், நிக்கல்சன் என்ற இரு விஞ்ஞானிகள் செல்லின் மேலுறைக்குப் புதிய விளக்கம் தந்தார்கள். அது அசையாத சுவர் அல்ல. கொழுப்புப் படலத்தில் புரதங்கள் மிதந்து நகரும் ஒரு போர்வை என்றார்கள். செல்லுக்குள் சரக்கு சுமந்து செல்லும் 'கைனசின்' என்ற புரதம் 1985ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, கல்லூரி எனக்குச் சொல்லித் தந்தது பாதிதான். மீதியை ஓய்வு பெற்ற பின் வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் படித்தேன். புத்தகத்துக்கென்று ஒரு பைசா செலவில்லை.

எங்கே படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் 11ம் வகுப்பு உயிரியல் புத்தகம் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து கான் அகாடமியின் சிறு பாடங்கள். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால், கைனசினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ரான் வேல் 2006ல் தொடங்கிய 'ஐபயாலஜி' விரிவுரைகள். ஆராய்ச்சி செய்தவர்களே வந்து பேசுகிறார்கள். ஆல்பர்ட்ஸ் குழுவினரின் பெரிய பாடநூலின் 2002ம் வருஷப் பதிப்பை அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. வலைத்தளத்தில் சொல் கொடுத்துத் தேடிப் படிக்கலாம். நம் சர்க்காரின் 'ஸ்வயம்' 2017 முதல் இருக்கிறது.

இத்தனையும் இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்று தோன்றலாம். அதைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எங்கள் காலனியில் இஸ்திரி போடுபவரின் மகள் 11ம் வகுப்பு படிக்கிறாள். பத்தாவது வரை ஹிந்தி மீடியம். நர்ஸிங் படிக்க ஆசை. முதல் பரீட்சையில் மார்க் குறைந்ததும், பயாலஜியை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். கோச்சிங் வகுப்புக் கட்டணம் அவள் தகப்பனாரின் சக்திக்கு மீறியது. ஆனால் கையில் போன் இருந்தது; நான் சொன்ன வீடியோக்களில் சிலவற்றை அவளும் பார்த்திருந்தாள். "மைட்டோகாண்ட்ரியா செல்லின் பவர் ஹவுஸ்" என்று தடங்கலின்றிச் சொன்னாள். "பவர் எதிலிருந்து வருகிறது?" என்றேன். பதில் இல்லை. வீடியோ விளக்கும், ஆனால் நம்மைக் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருக்காது. அந்த வேலைக்கு ஒரு மனுஷர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டோம். முறை எளிமையானது. முதலில் கண்ணால் பார்ப்பது. வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரையச் சொன்னேன். மைக்ராஸ்கோப் இல்லாதவர்களுக்கு, மனு பிரகாஷ் குழுவினர் 2014ல் அறிமுகப்படுத்திய காகித 'ஃபோல்ட்ஸ்கோப்' போதும்.

இரண்டாவது, அளவு. நம் உடம்பின் ஒரு சாதாரண செல்லைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் அது 20 மீட்டர் நீளக் கல்யாண மண்டபம். உட்கரு 6 மீட்டர் அறை. மைட்டோகாண்ட்ரியா அரை மீட்டருக்கு மேல் தடிமனுள்ள உருளைகள். ரைபோசோம் ஒரு பெரிய நெல்லிக்காய். அந்த 6 மீட்டர் அறைக்குள் இருக்கும் டி.என்.ஏ. 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூல்; மொத்த நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். டில்லியிலிருந்து சென்னைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் நாம் போன தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு!

மூன்றாவதுதான் வீடியோ. மூன்று நிமிஷம், சப்தம் இல்லாமல். நிறுத்தி, "என்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டும். படம் மறைப்பதையும் சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2006ல் வெளியிட்ட 'தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்' படத்தில் கைனசின் காலியான வீதியில் கம்பீரமாக நடக்கிறது. நிஜத்தில் அங்கே திருவிழாக் கூட்டம். நாலா பக்கமும் மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, அது தட்டுத்தடுமாறித்தான் அடி எடுத்து வைக்கிறது. நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தில் கூட்டத்தை விலக்கியிருக்கிறார்கள்.

நான்காவது, மாணவர் நமக்குப் பாடம் சொல்ல வேண்டும். பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். விளக்கம் தன் பாஷையில் வரட்டும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. வழியில் கிடைக்கும் சக்தி புரோட்டான்களை ஒரு பக்கம் தேக்குகிறது. தேங்கியவை திரும்பி வரும்போது, அணை நீர் டர்பைனைச் சுற்றுவது போல ஒரு புரதத்தைச் சுற்றி ஏ.டி.பி. உண்டாக்குகின்றன. புரோட்டான் தேக்கம் பற்றி 1961ல் சொன்ன பீட்டர் மிட்சலை முதலில் பலர் ஏற்கவில்லை. 1978ல் நோபல் பரிசு வந்தது. இதை அந்தப் பெண் எனக்கு ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தி, "தாதாஜி, அப்படியானால் நாம் மூச்சு விடுவதே இதற்காகத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பயாலஜியை விடவில்லை.

சில எச்சரிக்கைகள். கல்வி நிறுவனங்கள் வெளியிட்டதையே தேர்ந்தெடுங்கள். எந்த வருஷத்தில் வந்தது என்று பாருங்கள். முதல் நாள் நீங்கள் முழுவதும் பார்த்துவிட்டு மறுநாள் காட்டுங்கள். பெற்றோருக்குத் தெரிவித்து, கூடத்தில் உட்கார்ந்தே சொல்லித் தாருங்கள்.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களில் சயன்ஸ் பட்டதாரிகள் ஏராளம். நமக்கு நேரம் இருக்கிறது. ஆங்கிலமும் உள்ளூர் பாஷையும் தெரியும். நம் தெருவிலேயே, கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பாடத்தை விட்டுவிடப் போகும் ஒரு குழந்தை இருக்கும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். நாகபுரியில் இதற்கு முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிடுவோம்.