சித்தூருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நிலையம் வேண்டும்
(குடிபாலா கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 ஆகஸ்டில் பூதலப்பட்டுப் பால் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தது. 14 தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்து, காற்று அடிக்கும் போக்கில் ஓடாதே, குறுக்கே விலகு என்று நம் பெண்களுக்குச் சொல்லித் தந்தவர் யார்?

1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 111-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பயிற்சி நிலையத்துக்கு முதலாளியே அனுப்ப வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தந்தது. போவதற்கு நிலையம் இல்லையென்றால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே!

பணமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். 15-வது நிதிக் குழு 2021–26 காலத்துக்குத் தீயணைப்புத் துறை விரிவாக்கத்துக்கென 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் மத்திய அரசு அதைத் திட்டமாக்கியது. பயிற்சி நிலையங்களை வலுப்படுத்துவதும் அதில் அடக்கம். மாநிலம் தன் பங்காக 25 சதவீதம் போட வேண்டும் என்பது நிபந்தனை. கேட்கிற மாவட்டத்துக்குத்தான் எதுவும் வரும்.

ஆகவே நாம் கேட்போம். சித்தூர் அரசுக் கல்லூரி வளாகத்திலேயே நிலையம் அமையட்டும். தீயணைப்புத் துறையினர் பாடம் நடத்தட்டும். செலவில் முதலாளிகளும் பங்கு தரட்டும். தெலுங்கோடு தமிழிலும் பாடம் வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும்.

மனு தயார். இன்றே கையெழுத்திடுங்கள், கைநாட்டும் செல்லும்!