தெரிந்திருந்தும் செய்யாதது ஏன்?

(மிஷன் மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், கிராம சுகாதாரப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் இந்த ஊழியத்தைத் தாங்கிவருகிறீர்கள். அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன்.

வழக்கமாக இந்த மேடையில் புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிய இயந்திரத்தைப் பற்றியோ பேசுவோம். இன்று நான் பேசப்போவது, வராமல் தடுக்கப்படும் வியாதியைப் பற்றி.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. கை கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள், இடைவெளி விட்டு நில்லுங்கள் என்ற அறிவுரை பட்டிதொட்டியெங்கும் எட்டியது. தொலைபேசியை எடுத்தாலே இருமல் சத்தத்தோடு எச்சரிக்கை கேட்டது. ஆனாலும் தாடையில் தொங்கிய முகக்கவசங்களை நாம் எல்லாரும் பார்த்தோம். "ஜனங்களுக்கு அறிவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தும் கலியாண வீட்டில் இரண்டாவது லட்டை எடுக்கிறவர்கள் நம் சபைகளில் இல்லையா? தெரிந்திருந்தும் செய்யாமல் விடுவது படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் பொதுவான சுபாவம்.

சீரியனாகிய நாகமானை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சொல்லப்பட்ட மருத்துவம் மிக எளியது: யோர்தானில் ஏழுதரம் முழுக வேண்டும். அவனோ கோபித்துக்கொண்டு திரும்பிப் போனான். கூடவே இருந்த ஊழியக்காரர் கிட்ட வந்து பணிவாகப் பேசியபோதுதான் மனம் மாறினான். செய்தி முன்னமே வந்துவிட்டது. குறைவாயிருந்தது, கிட்ட வந்து பேசும் ஆள்.

இதையே இன்று 'நடத்தைப் பொருளியல்' என்ற துறை ஆராய்கிறது. இத்துறையில் உழைத்த ரிச்சர்ட் தேலர் என்பவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாளை வரும் பெரிய நன்மையைவிட இன்று படும் சிறிய சிரமமே மனுஷனுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அக்கம்பக்கத்தார் செய்வதையே அவன் செய்கிறான். சின்னத் தடை இருந்தாலும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறான். ஆகவே திட்டுவதை விட்டு வழியைச் சுலபமாக்குங்கள் என்கிறார்கள்.

வங்காள தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாட்டு அரசு 2020-லேயே முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்களில் ஏறக்குறைய 3,42,000 பெரியவர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடுதேடிச் சென்று முகக்கவசம் இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தையிலும் மசூதி வாசலிலும் ஆட்கள் நின்று, அணியாதவர்களிடம் தன்மையாக நினைவூட்டினார்கள். இமாம்களும் ஊர்ப் பெரியவர்களும் தாங்களே அணிந்து முன்மாதிரி காட்டினார்கள். மற்றக் கிராமங்களில் சரியாக அணிந்தவர்கள் 100-க்கு 13 பேர். இந்தக் கிராமங்களிலோ 42 பேர். அறுவைச் சிகிச்சையில் பயன்படும் வகை முகக்கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயதைத் தாண்டியவர்களிடையே, இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறியோடு கூடிய தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

பயன் தராதவற்றையும் அவர்கள் மறைக்கவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்தியையும், ஊருக்குப் பரிசு என்ற அறிவிப்பையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் தெரியவில்லை. நேரில் வந்து சொன்ன மனுஷர்தான் வித்தியாசத்தை உண்டாக்கினார்கள்.

இன்னொன்று நம் தேசத்திலேயே, பெருந்தொற்றுக்கு முன்பே நடந்தது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் குழந்தைகளின் தடுப்பூசியை ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 100-க்கு 6. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்குச் செலவு செய்தும், ஒரு குழந்தைக்கு ஆகும் மொத்தச் செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. செவிலியரும் மருந்தும் எப்படியும் முகாமில் காத்திருக்க வேண்டியதுதானே? அதிகம் பேர் வந்ததால் செலவு பங்கிடப்பட்டது.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். பருப்பைக் காட்டி அழைப்பது ஆசைகாட்டுவது ஆகாதா? மிஷன் மருத்துவமனையாகிய நாம் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அரிசிக்காகச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் என்ற பழிச்சொல்லை நம் முன்னோர் சுமந்தார்கள். எனவே மூன்று வரம்புகள் நமக்கு வேண்டும். முதலாவது, கொடுப்பதை ஜாதி, மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரேபோலக் கொடுக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தோடு கைப்பிரதி எதையும் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, வேண்டாம் என்று மறுத்தவர் நாளைக்கு வியாதிப்பட்டு வந்தால், அதே முகமலர்ச்சியோடு அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்வரம்புகளுக்குள் நின்றால், அந்தப் பருப்பு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிற தாய்க்கு நாம் செய்யும் மரியாதை. வரம்பு மீறினால் அது வலை.

நம் நாட்டு மிஷன் ஊழியத்துக்கு இந்த வழி புதிதல்ல. வேலூரில் 1900-ஆம் ஆண்டு மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அமைந்தது. அவரோ அதற்குள்ளேயே இருந்துவிடவில்லை. சாலையோர மருந்தகங்கள் நடத்தி, கிராமத்தாரைத் தேடிப் போனார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். படுக்கைக்கும் இயந்திரத்துக்கும் கொடுத்த அன்பான கரங்கள், வீடுவீடாக நடந்து போகும் கிராம சுகாதாரப் பணியாளருடைய சம்பளத்துக்கும் கொடுக்கட்டும். முகாம் நாள் தவறாமல் வண்டி புறப்பட டீசலுக்கும் கொடுக்கட்டும். போதகர்களும் மூப்பர்களும் தாங்கள் முதலில் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு சபைக்குச் சொல்லட்டும்.

இந்தக் காணிக்கைக்குக் கல்வெட்டு கிடையாது. வராத காய்ச்சலுக்கு நன்றி சொல்ல ஒருவரும் ஆலயத்துக்கு வருவதில்லை. பிழைத்த குழந்தைக்கே தான் தப்பியது தெரியாது. தேவன் அதை அறிவார் என்ற விசுவாசத்தோடுதான் இதற்குக் கொடுக்க முடியும். கோவிடுக்கான சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அடுத்த தொற்று எப்போது வருமோ, அறியோம். அது வரும் நாளில் ஜனங்கள் யார் சொல்லைக் கேட்பார்கள்? அதுவரை தங்கள் வாசலுக்கு வந்து பழகியவர்களின் சொல்லைத்தான். அந்தப் பழக்கத்தை இப்போதே உண்டாக்க எங்களுக்குத் துணைநில்லுங்கள்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காத்து நடத்துவாராக.