காட்டைப் பார்க்கக் கற்றுத் தந்தவர்

(திம்புள்ளயில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கொழுந்து மலையில சிறுத்தையின் காலடியைக் கண்டா நமக்கு வயிறு கலங்கும். அப்படிப்பட்ட மிருகங்களைப் பார்ப்பதற்காகவே காடு காடாக அலைந்த ஒரு தமிழரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 13 வயதிலேயே தகப்பனை இழந்தார். 1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் காட்டுயிர்களைப் பற்றி எழுதத் தொடங்கி, 1996 பெப்ரவரியில் கண்மூடும் வரை 46 வருசம் எழுதினார். 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவருடைய பேர்போன படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். வெவ்வேறு கமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கமராவே செய்துகொண்டார். முதுமலைக் காட்டில் நடந்தும், பழக்கிய யானை மேலேறியும் போய்க் காட்டு யானைகளைப் படம் பிடித்தார். துப்பாக்கிக்காரன் மிருகத்தைக் கொண்டுவருவான். இவர் படத்தை மட்டும் கொண்டுவந்தார். மிருகம் காட்டிலேயே இருந்தது.

"இது நமக்கு என்னத்துக்கு?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நம் நாட்டுக் காடுகளிலும் இப்போது மரத்தில் கமரா கட்டி வைக்கிறார்கள். மிருகம் கடந்து போனால் அது தானாகவே படம் எடுக்கும். 2019இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் உயிரோடு நடமாடும் கருஞ்சிறுத்தை பதிவானது. அடுத்த வருசம், 2020 மே மாதம், நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் கட்டியிருந்த சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. உடவலவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை.

பன்றி ஒரே ராத்திரியில தோட்டத்தைப் புரட்டிப் போட்டா என்ன வேதனைன்னு எனக்கும் தெரியும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நம்ம வீட்டு நாய் எதுன்னு தெரியாது. காட்டுப் பன்றியைப் பிடித்துத் தின்பதும் அதே சிறுத்தைதானே!

ஆகவே கம்பி கட்டாதீங்க. சிறுத்தை மாட்டியிருந்தா வேடிக்கை பார்க்கக் கிட்டப் போகாதீங்க, வலியில பாயும். தோட்ட நிர்வாகத்துக்கும் திணைக்களத்துக்கும் உடனே தெரிவியுங்க.

பிள்ளைகளே, கமரா இல்லையேன்னு கவலை வேண்டாம். ஒரு கொப்பியில் திகதி, நேரம், கண்ட பறவை, கண்ட மிருகம் என்று எழுதி வாருங்கள். கிருஷ்ணனின் வேலையும் முதலில் பார்ப்பதுதான். படமெல்லாம் அதற்குப் பிறகுதான்.